ஒரு கண் காஞ்சியில், மறு கண் ஆரூரில்

தப்பு செய்த அன்றைக்குக் கடவுள் ஞாபகம் வருவதில்லை. அதன் பலன் கழுத்தை நெரிக்கும்போதுதான் வருகிறது. அப்போது ஓடிப்போய்க் காலில் விழுந்தால் மன்னிப்பாரா? இதை வாய்விட்டுக் கேட்பவர்கள் சிலர், மனசுக்குள் கேட்டுக்கொள்பவர்கள் பலர். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ‘மனமுருகி அழுதால் போதும்’ என்று சொல்லிவிடுவார்கள். சுந்தரர் கதையைப் படித்தவர்கள் அவ்வளவு அவசரப்பட மாட்டார்கள்.

அழுதவுடன் கிடைத்த கதையும் இருக்கிறது. சூலை நோயில் துடித்த அப்பர் அக்கா திலகவதியாரிடம் வந்தார், திருவதிகையில் ஒரு பதிகம் பாடினார், வலி போயிற்று. சுந்தரருக்கு அப்படி நடக்கவில்லை. இத்தனைக்கும் அவர் சிவனுக்குத் தோழர், தம்பிரான் தோழர் என்றே பெயர்.

நடந்தது இதுதான், பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறபடி. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர் திருவொற்றியூர் வருகிறார். அங்கே கோயிலில் பூமாலை கட்டும் சங்கிலியாரைப் பார்த்து மனம் போகிறது. சிவனே நடுவில் நின்று பேசி முடிக்கிறார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும், அதுதான் ஏற்பாடு. இங்கேதான் நம் ஆள் ஒரு தந்திரம் செய்தார். சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இராதீர், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே கேட்டுவைத்தார். அப்படியானால் சத்தியம் மீறினாலும் பெரிதாகக் கட்டாது என்ற கணக்கு! சிவன் சரி என்றார். சொல்லிவிட்டுச் சங்கிலியார் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் சுந்தரர் வேறு வழியில்லாமல் அந்த மரத்தடியில்தான் வாக்குக் கொடுத்தார்.

வசந்தம் வந்தது, ஆரூர் நினைப்பும் பரவையார் நினைப்பும் வந்தன. கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின.

நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் இடம் இதற்குப் பிறகுதான். பார்வை போன மனிதர் ஊர் ஊராகத் தடவிக்கொண்டு நடக்கிறார். ஆவடிப் பக்கத்துத் திருமுல்லைவாயிலில் பாடினார், கண் வரவில்லை. திருவெண்பாக்கத்தில் பாடினார். அந்தப் பதிகத்தில் அவர் எடுத்துவைக்கும் வாதத்தைக் கவனியுங்கள்: பிழை செய்தால் நீ பொறுப்பாய் என்று நம்பித்தானே செய்தேன் என்கிறார். நாம் எல்லோரும் உள்ளூர நினைப்பதுதான், அவர் வெளியே சொல்லிவிட்டார். கிடைத்தது ஒரு ஊன்றுகோல். கண் அல்ல, கோல்! கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டதற்கும், இருக்கிறோம், நீ போ என்கிற மாதிரி வேண்டாவெறுப்பான பதில்தான். (பழைய வெண்பாக்கம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1944-ல் அணை கட்டியபோது மூழ்கிய ஊர். கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள், சுவாமிக்குப் பெயர் ஊன்றீஸ்வரர்.)

கோலை ஊன்றிக்கொண்டு திருவாலங்காடு, பிறகு காஞ்சிபுரம். அங்கே ஏகம்பர் கோயிலில் இடது கண் கிடைத்தது. தெற்கே வருகிறார், உடம்பில் நோய் வேறு. திருத்துருத்தியில், இன்றைய குத்தாலத்தில், குளத்தில் மூழ்கியபோது அது நீங்கியது. வலது கண்ணுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது. அங்கே பாடிய பதிகம் கெஞ்சல் அல்ல, சண்டை. உன்னிடம் மீளாத அடிமையாகக் கிடப்பவர்கள் உள்ளே வெந்து முகம் வாடி வந்து நின்றால் நீ சும்மா இருப்பாயானால், நன்றாக வாழ்ந்து போ என்று வயிறெரிந்து வாழ்த்துகிறார். அதற்குத்தான் வலது கண் கிடைத்தது. ஆபத்தில் இருப்பவன் கடவுளிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்பவர்கள் சுந்தரர் பாடல்கள் உள்ள ஏழாம் திருமுறையைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆக, மன்னிப்பு உண்டு. ஆனால் தவணையில் வந்தது, முதல் தவணை வெறும் கோல். தண்டனையைக் கொடுத்தவரும் வழித்துணை கொடுத்தவரும் ஒருவரே. கோபம் தீர்ந்த பிறகுதான் பேசுவேன் என்று சிவன் இருக்கவில்லை, கோபத்தோடேயே கோலை நீட்டினார்.

கண் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு வந்தவரைப் பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லி அந்த வாசலைத் திறக்க முடியவில்லை. கடைசியில் சிவனே ராத்திரியில் தூது நடந்தார். முதலில் கோயில் குருக்கள் வேடத்தில் போனார், பரவையார் முடியாது என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது தரம் சொந்த உருவத்தில் போன பிறகுதான் அந்த அம்மாள் இறங்கினார். கடவுளாகவே இருந்தாலும், அடுத்தவர் தர வேண்டிய மன்னிப்பை அவரிடம் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மன்னிப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசிய காட்சியை நான் படித்ததில்லை.

ஒரு குறை எனக்கு உண்டு. வாக்கை நம்பி ஏமாந்தவர் சங்கிலியார். சுந்தரர் ஒற்றியூருக்குத் திரும்பிப் போய் அவரிடம் பொறுத்துக்கொள் என்று கேட்டதாகப் பெரியபுராணத்தில் இல்லை. ஆரூர்ப் பரவையாருக்கு இரண்டு தூது, ஒற்றியூர்ச் சங்கிலியாருக்கு ஒன்றுகூட இல்லை. ஊர் மட்டும் மறக்கவில்லை: திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் மகிழடி சேவை நடக்கிறது. முடிந்தால் போய்ப் பாருங்கள், போகும்போது சங்கிலியார் பக்கத்திலிருந்து அந்தக் கதையை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.