மண்ணைத் தோண்டாத கட்டடக்கலை

தொழிற்சாலை ஒன்று மூடப்படும்போது இயந்திரங்களை விற்றுவிடலாம், கூரைத் தகடுகளைக் கழற்றி எடுத்துப்போகலாம். ஆனால் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய எண்ணெயையும் தாரையும் ஈயத்தையும் யாரும் எடுத்துப்போவதில்லை. அத்தகைய நிலத்தைத் தூய்மைப்படுத்த ஆகும் செலவு, தூய்மையான பிறகு அது விலைபோகும் தொகையைவிட மிகுதியாக இருக்கும்வரை, உரிமையாளரும் நகராட்சியும் வேலி போட்டுப் பூட்டிவிட்டுக் காத்திருப்பதே உலகெங்கும் வழக்கம். இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பயனுள்ளதாக்க, தரையைத் தோண்டாமல் நிறுத்தக்கூடிய, தேவை மாறும்போது உருமாற்றவும் தவணை முடிந்ததும் அகற்றவும் இயலும் இலகுவான கட்டடங்களை அந்நிலத்தில் அமைக்கும் முறை கடந்த சில பத்தாண்டுகளில் உருவாகியிருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2014-இல் திறக்கப்பட்ட டெ சூவெல் என்ற பணியிட வளாகம் அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு; அந்த முறையின் வலிமை மட்டுமன்றி அதன் எல்லையும் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஆம்ஸ்டர்டாமின் மைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் விரியும் 'ஐ' என்ற நீர்ப்பரப்பின் வடகரை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கப்பல் கட்டும் துறைகளுக்கும் ஆலைகளுக்கும் உரியதாக இருந்தது. ஆசிய நாடுகளின் போட்டியில் ஐரோப்பியக் கப்பல் தொழில் நொடித்தபோது, அக்கரையின் பெரிய நிறுவனமான என்டிஎஸ்எம் 1984-இல் திவாலானது; சிறிய பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டெ சூவெல் அத்தகைய ஒரு சிறிய கப்பல் பட்டறையின் இடம். கப்பல் பட்டறையின் மண் கெடும் விதம் தனியானது. கப்பலின் அடிப்பகுதியில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்கச் செம்பும் வெள்ளீயச் சேர்மங்களும் கலந்த நச்சுப் பூச்சு பூசப்பட்டது. துருவைத் தடுக்க ஈயச் செந்தூரம் பூசப்பட்டது. பழைய பூச்சைச் சுரண்டியும் மணலைப் பீய்ச்சி அடித்தும் நீக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உலோகங்கள் தூளாகித் தரையில் படிந்தன. எண்ணெய், தார் ஆகியவற்றின் வழியாகப் பலவளைய ஹைட்ரோகார்பன்களும், அதாவது கார்பன் வளையங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டியமைந்த, சிலவகை புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும், அவற்றுடன் சேர்ந்துகொண்டன.

இப்படிப்பட்ட மண்ணை என்ன செய்வது என்பதற்கு நெதர்லாந்து ஒரு காலத்தில் மிகக் கண்டிப்பான விடை வைத்திருந்தது. ராட்டர்டாமுக்கு அருகிலுள்ள லெக்கர்கெர்க் என்ற ஊரில், ரசாயனக் கழிவுப் பீப்பாய்கள் புதைக்கப்பட்ட நிலத்தின்மேல் வீடுகள் கட்டப்பட்டிருந்தது 1980-இல் அம்பலமாகி, சுமார் 270 வீடுகளின் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அந்த அதிர்ச்சியில் பிறந்து 1983-இல் நடைமுறைக்கு வந்த இடைக்கால மண் தூய்மைச் சட்டத்தின் அடிப்படை நோக்கம், கெட்ட நிலத்தை எந்தப் பயனுக்கும் உகந்ததாக மீண்டும் ஆக்கிவிட வேண்டும் என்பதே. ஆனால் தேடத் தேடக் கெட்ட நிலங்கள் பெருகின, செலவு எந்தக் கருவூலத்துக்கும் தாங்காததாயிற்று. ஆகவே 1990-களின் பிற்பகுதியில், நிலம் எந்தப் பயனுக்கு என்பதைப் பொறுத்தே தூய்மையின் அளவு அமையலாம் என்ற நிலைப்பாட்டுக்கு அந்நாடு இறங்கிவந்தது. குழந்தைகள் விளையாடும் வீட்டுத்தோட்டத்துக்கு ஓர் அளவு, கிடங்குக்கு வேறோர் அளவு. 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சியிருக்கலாமா என்று தமிழகத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தின் அடியிலும் இதே கேள்விதான் இருந்தது. தற்காலிகக் கட்டடக்கலைக்கு இடம் கொடுத்தது நெதர்லாந்தின் இந்தத் தளர்வே என்பதையும், அது முழுக்க முழுக்கப் பெருந்தன்மையால் நேர்ந்த தளர்வு அன்று என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

மாசுற்ற நிலத்தின் ஆபத்தை மதிப்பிடுவோர் மூன்று கண்ணிகளைப் பார்ப்பார்கள்: நஞ்சு இருக்கும் மூலம், அது பயணம் செய்யும் பாதை, அதை ஏற்கும் உயிர். மூன்றில் ஒன்று அறுந்தாலும் ஆபத்து இல்லாமலாகும். மண்ணை அள்ளிப்போவது மூலத்தை நீக்கும் வழி. அதற்கு லாரிகளும், வேறோர் ஊரில் கொட்ட ஓர் இடமும், பெரும்பணமும் வேண்டும். தற்காலிகக் கட்டடம் மூலத்தைத் தொடுவதில்லை, பாதையைத்தான் அறுக்கிறது. அடித்தளம் தோண்டாததால் புதைந்த நஞ்சு புழுதியாகக் கிளம்புவதில்லை. தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துவதால் மண்ணிலிருந்து எழும் ஆவி அறைக்குள் தேங்காமல் இடைவெளியில் காற்றோடு கலைந்துபோகிறது. நடப்பதற்குத் தனிப்பாதை இருப்பதால் காலணியில் ஒட்டி மண் உள்ளே வருவதில்லை. அங்கே உறங்க அனுமதியில்லை, பகலில் பணிபுரிய மட்டுமே அனுமதி என்று விதிப்பதும் இதில் அடங்கும், ஏனெனில் ஒருவர் அங்கே கழிக்கும் நேரம் குறையக் குறைய அவர் ஏற்கும் அளவும் குறைகிறது.

2008-இன் நிதி நெருக்கடியால் வடகரையில் அடுக்குமாடி கட்டும் திட்டங்கள் தேங்கிப்போயிருந்த வேளையில், நகராட்சி டெ சூவெல் பட்டறை நிலத்தைப் பத்தாண்டுக் குத்தகைக்கு விடப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஸ்பேஸ் அண்ட் மேட்டர் என்ற கட்டடக்கலை அலுவலகமும், டெல்வா என்ற நிலவடிவமைப்பு அலுவலகமும், மெட்டபாலிக் என்ற சூழலியல் ஆலோசனை நிறுவனமும் இணைந்த குழு 2012-இல் அதை வென்றது. அவர்களின் விடையில் ஒரு குறும்பு இருந்தது. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களில் மிதக்கும் பழைய படகுவீடுகளை மாற்றிப் புதியன கட்டும் உரிமையாளர்களுக்கு, பழைய படகு ஒரு சுமை, அதை உடைக்கவும் காசு தேவை. அத்தகைய படகுகளை அற்ப விலைக்கு வாங்கி, வெப்பக்காப்பும் புதிய சன்னல்களும் பொருத்திச் சீர்செய்து, பாரந்தூக்கியால் தூக்கித் தரையில் அமர்த்தினார்கள். இவ்வாறு 15-க்கும் மேற்பட்ட படகுகள் அங்கே அலுவலகங்களாகவும் கலைக்கூடங்களாகவும் ஆயின. கப்பல்களைக் கட்டிய இடத்துக்குப் படகுகள் வந்துசேர்ந்த நயத்தைப் பத்திரிகைகள் பெரிதும் கொண்டாடின. அதைவிட முக்கியமானது, படகுக்கு அடித்தளம் தேவையில்லை என்ற எளிய உண்மை. தன்னைத் தானே தாங்கும் உடலும் நீர்புகாத அடிப்பகுதியும் கொண்ட அது, தவணை முடிந்தால் வந்தவழியே புறப்படவும் கூடியது.

தோண்டக்கூடாது என்ற ஒரே விதி எத்தனை சிறு முடிவுகளைத் தீர்மானிக்கிறது என்பதை அங்குள்ள மரநடைபாதையில் காணலாம். படகுகளுக்கிடையே வளைந்து செல்லும் அந்தப் பாதை தரையிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கிறது. மின்கம்பிகளும் குடிநீர்க் குழாய்களும் மண்ணுக்குள் செல்லாமல் அதன் அடியிலேயே ஓடுகின்றன. கழிவுநீர்க் குழாய் பதிக்க இயலாததால், படகுகளில் தண்ணீர் ஊற்றாத மட்குக் கழிப்பறைகள் வைக்கப்பட்டன. கை கழுவிய நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஒவ்வொரு படகின் அருகிலுமுள்ள ஒரு தொட்டிக்குச் செல்கின்றன. மணலும் சரளையும் நிரப்பி நாணல் நட்ட அத்தொட்டியில், வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் அழுக்கைச் சிதைக்கின்றன. எரிவாயு இணைப்பு இல்லை. கூரைகளின் சூரியத் தகடுகளும், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றும் வெப்ப ஏற்றிகளும் குளிர்காலத்தைச் சமாளிக்கின்றன. பசுமைக் கொள்கை என்று பின்னர் புகழப்பட்டவற்றில் ஒரு பகுதியேனும் இப்படி வேறு வழியில்லாமல் பிறந்ததே.

பாதைக்குக் கீழே, மண்ணில், மனிதர்கள் மிதிக்காத தோட்டம் ஒன்று வளர்கிறது. வில்லோ வகை மரங்கள், நெட்டிலிங்கத்தை ஒத்த பாப்லர் மரங்கள், பல்வகைப் புற்கள் ஆகியவற்றைக் கொண்டு மண்ணைத் தூய்மையாக்கும் தாவரவழி முறை அங்கே பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன் மேற்கொள்ளப்பட்டது. தாவரம் மூன்று வகையில் உதவுகிறது. காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களை வேர்வழி உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்ப்பது ஒன்று. வேரைச் சுற்றி நுண்ணுயிரிகளைப் பெருக்கி எண்ணெய்வழிச் சேர்மங்களைச் சிதைப்பது இன்னொன்று. மண்ணை வேர்களால் இறுகப் பிடித்து, நஞ்சு காற்றிலும் நீரிலும் பரவாமல் நிறுத்திவைப்பது மூன்றாவது. இவற்றுள் எண்ணெய்வழிச் சேர்மங்கள் மட்டுமே உண்மையில் அழிகின்றன. உலோகம் தனிமம் என்பதால் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஈயமோ மண்துகள்களோடு இறுகப் பிணைந்திருப்பதால் பெரும்பாலான தாவரங்களுக்கு அகப்படுவதே இல்லை.

இங்கேதான் அம்முறையின் நெருடல் இருக்கிறது. குத்தகை பத்தாண்டு, வேர்களுக்கு வேண்டிய காலமோ, மிதமாகக் கெட்ட மண்ணிலும் பல பத்தாண்டுகளாக நீளக்கூடும். பத்தாண்டில் நிலம் முன்பைவிடத் தூய்மையாகும் என்று சொல்லலாம், தூய்மையாகிவிடும் என்று சொல்ல இயலாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1956-இல் மூடப்பட்ட எரிவாயு ஆலையைப் பூங்காவாக்கிய ரிச்சர்ட் ஹேக், கழிவுநீர்ச் சேற்றையும் மரத்தூளையும் மண்ணில் கலந்து நுண்ணுயிரிகளை வளர்த்து எண்ணெயைச் சிதைக்கும் முன்னோடி முயற்சியை மேற்கொண்டார். 1975-இல் திறக்கப்பட்ட அப்பூங்கா, மண்ணில் எஞ்சிய மாசு பற்றிய கவலையால் 1984-இல் சில காலம் மூடப்பட்டு, பின்னர் சில இடங்களில் மேல்மண் போட்டு மூட வேண்டியதாயிற்று. உயிரிவழி முறை பொய் என்பதல்ல இதன் பொருள். அது மெதுவானது, ஆழத்தில் வேருக்கு எட்டாத அடுக்கை அது அறியாது. ஆகவே டெ சூவெல் போன்ற இடங்களில் பாதுகாப்பை உண்மையில் தருவது செடிகள் என்பதைவிட, மனிதரை மண்ணிலிருந்து விலக்கிவைக்கும் அந்த நடைபாதையே என்று கருத இடமுண்டு.

தற்காலிகப் பயன்பாடு நிரந்தர வடிவத்துக்கு ஒத்திகையாகவும் அமைவதுண்டு. ஆம்ஸ்டர்டாமின் வெஸ்டர்காஸ்ஃபாப்ரீக் எரிவாயு ஆலை வளாகத்தில், தாரும் சயனைடும் கலந்த மண்ணை என்ன செய்வது என்று முடிவாகும் முன்பே, 1990-களில் கலைஞர்களும் நாடகக் குழுக்களும் பழைய கட்டடங்களில் இடம்பிடித்தார்கள். கேத்ரின் குஸ்டாஃப்சன் வடிவமைத்து 2003-இல் திறக்கப்பட்ட பூங்கா, அவர்கள் ஏற்படுத்திய பண்பாட்டுப் பயன்பாட்டைத் தொடர்ந்தது. ஆனால் இதே போக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஆளரவமற்றுக் கிடந்த கரைக்கு உணவகமும் விழாக்களும் வந்தால் அக்கம்பக்கத்து நிலவிலை ஏறும். விலை ஏறினால் நிரந்தரக் கட்டுமானம் லாபமாகும். அப்போது முதலில் வெளியேற வேண்டியவர்கள் குறைந்த வாடகைக்கு வந்து அந்த இடத்தை வாழவைத்தவர்களே. குத்தகைப் பத்திரத்தில் முடிவுத் தேதி தெளிவாக இருப்பதால் அதை அநீதி என்று சொல்வதற்கில்லை, எனினும் அந்த மதிப்பேற்றத்தில் அவர்களுக்கு எந்தப் பங்கும் எழுதப்படுவதில்லை.

இம்முறையைப் பின்பற்ற விரும்பும் நகராட்சிகள் படகுகளின் அழகைக் காட்டிலும் கணக்கேட்டைக் கவனிப்பது நல்லது: குத்தகை தொடங்கும் நாளில் எந்த ஆழத்தில் எந்த நஞ்சு எவ்வளவு என்ற மண் பரிசோதனை, அதே இடங்களில் குறித்த இடைவெளியில் மறுபரிசோதனை, அவற்றின் செலவை ஏற்பவர் யார் என்ற தெளிவு. வெட்டிய கிளைகள் எங்கே போகின்றன என்பதும் அதில் இடம்பெற வேண்டும். காட்மியம் ஏறிய வில்லோ கிளையைச் சாதாரணத் தோட்டக்குப்பையோடு மட்கவைத்தால் உலோகம் வேறொருவரின் காய்கறிப் பாத்திக்குச் சென்றுவிடும்; புகையை வடிகட்டும் உலையில் அதை எரித்தாலும் உலோகம் சாம்பலிலும் வடிகட்டியிலும் தங்குகிறது, அவற்றுக்கெனக் காப்புள்ள குழி ஒன்று தேவைப்படுகிறது.