வலியில்லாத நெறிக்கட்டு

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் அனைவரும் அறிவோம். தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் தானே கரைந்துவிடும். ஆனால் புண்ணுமின்றி வலியுமின்றிக் கழுத்திலோ அக்குளிலோ தோன்றி, வாரக்கணக்கில் வளரும் நெறிக்கட்டும் உண்டு. 'வலிதான் இல்லையே' என்று அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறே தலைகாட்டுகிறது.

மயிலாடுதுறை வட்டாரத்து வயல்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இந்நோயின் போக்கை விளங்கிக்கொள்வது கடினமன்று. வயலுக்குப் பாசன வாய்க்கால் வேண்டும், வடிகாலும் வேண்டும். நம் உடலும் அத்தகையதே. இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களில் கசிந்து எஞ்சும் நீரைத் திரட்டி, கழுத்தடியிலுள்ள பெரிய சிரைகளின் வழியே மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். இவ்வடிகால்களின் வழிநெடுக நூற்றுக்கணக்கான நிணநீர்க் கணுக்கள் உள்ளன. கிருமிகளை எதிர்க்கும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் அங்கே காவல் இருக்கின்றன.

கிருமி நுழைந்ததும் இவ்வணுக்கள் விரைந்து பெருகுகின்றன. பணி முடிந்தபின் மிகுதியானவை மடிந்துவிட வேண்டும் என்பது உடலின் நியதி. இப்பெருக்கத்தினிடையே ஏதேனும் ஓர் அணுவின் மரபணுவில் பிழை நேரலாம். பிழையுற்ற அணு மடிய மறுக்கிறது. அல்லது ஓய்வின்றிப் பெருகுகிறது. அதன் வழித்தோன்றல்கள் கணுவை நிறைத்து வீங்கச் செய்கின்றன. இதுவே லிம்போமா. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதன்று. ஆகவே நோயாளியின் தட்டையும் பாயையும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

1832-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்கின் இவ்வகைக் கணுவீக்கத்தை விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் வகை, பெரும்பாலும் ஒரு கணுத்தொகுதியிலிருந்து அதனை அடுத்த தொகுதிக்குப் படிப்படியாகச் செல்லும். ஏனைய வகைகள் தொலைவிலுள்ள கணுக்களிலும் திடீரெனத் தோன்றலாம். ஒரே தொகுதியில் இருப்பது முதல் நிலை. உதரவிதானத்திற்கு ஒரே பக்கத்தில் பல தொகுதிகளில் இருப்பது இரண்டாம் நிலை. இரு பக்கமும் இருப்பது மூன்றாம் நிலை. கல்லீரல், எலும்பு மச்சை முதலியவற்றில் பரவுவது நான்காம் நிலை.

'பரவிவிட்டது' என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் நம்பிக்கை இழந்துவிடுகின்றனர். இந்நோயைப் பொறுத்தவரை அது சரியன்று. லிம்போசைட்டுகள் இயல்பாகவே உடலெங்கும் உலவுபவை. மருந்தும் இரத்தத்தின் வழியே அவற்றைத் தேடிச் செல்கிறது. ஹாட்கின் வகையில் நான்காம் நிலையிலும் பலர் முற்றிலும் குணமடைகின்றனர். மெல்ல வளரும் வேறு சில வகைகளைப் பல்லாண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது.

வேறொரு தடையும் உண்டு. காசநோயினால் கழுத்தில் வரும் கண்டமாலையும் இதே தோற்றம் உடையது. மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இரண்டிற்கும் பொது. கையால் தொட்டுப் பார்த்து இன்னதெனத் துணிய இயலாது. கணுவை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் சோதித்தல் வேண்டும். 'கத்தி பட்டால் பரவும்' என்ற அச்சத்தால் பலர் இதற்கு இசைவதில்லை. கத்தி இந்நோயைப் பரப்புவதில்லை. சோதனையைத் தள்ளிப்போடுவதால் நோய் வளரக் காலம் கிடைக்கிறது, அவ்வளவே.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-இல். அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகளே. 2021-இல் மறையும்வரை அங்கே தொண்டாற்றிய டாக்டர் வி. சாந்தா அவர்கள், தொடக்கத்திலேயே கண்டறிவதை வலியுறுத்தி வந்தார். இன்று தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது.

எனவே, மூன்று வாரம் கடந்தும் கரையாத நெறிக்கட்டோ, ஆடை நனையும் இரவு வியர்வையோ, காரணமறியா மெலிவோ நம் வீட்டில் எவருக்கேனும் இருப்பின், பற்றுப் போட்டுக் காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். சோதனை வேண்டுமென்று மருத்துவர் கூறின், அன்றே இசைவோம்.