இருட்டுக்கு அஞ்சும் பிள்ளைக்கு ஒரு சிறு விளக்கு

குழந்தைகள் பிரிவில் இரவு விளக்கை அணைக்கும் நேரம் வந்ததும், ஏதேனும் ஒரு படுக்கையிலிருந்து அந்தக் குரல் எழும்: "லைட்டை நிறுத்தாதீங்க!" ஊசிக்குக்கூட அழாத பிள்ளையாக இருக்கும். பகலெல்லாம் சலைன் ஏறும் கையோடு சிரித்து விளையாடிய பிள்ளையாக இருக்கும். உடனிருக்கும் தாயோ தந்தையோ எங்களைப் பார்த்துச் சற்றே வெட்கத்துடன், "வீட்லயும் இப்படித்தான் சிஸ்டர், சரியான பயந்தாங்கொள்ளி" என்பார்கள். அந்தச் சொல்லைப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறது.

இருட்டைக் கண்டு அஞ்சுவது கோழைத்தனம் அன்று. அது வளர்ச்சியின் ஒரு படி. இரண்டு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் இருளைப் பொருட்படுத்துவதில்லை. மூன்று வயதை ஒட்டிக் கற்பனை விரியும்போதுதான் பயமும் உடன் வருகிறது. நாற்காலியைப் பேருந்தாக்கி ஓட்டத் தெரிந்த அதே மனம், கொடியில் தொங்கும் சட்டையை ஓர் ஆளாகவும் ஆக்கிவிடுகிறது. முன்னதைக் கண்டு மகிழும் நாம் பின்னதைக் கண்டு சினங்கொள்வது முறையாகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயதுக்குள் இப்பயம் தானே தணிந்துவிடும்.

தனிமையும் இதில் கலந்திருக்கிறது. முகப்பேரின் பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் ஒரே அறையில் பாய் விரித்துப் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் வரிசையாகப் படுத்த காலம் ஒன்று இருந்தது. கையை நீட்டினால் யாரேனும் ஒருவர் தட்டுப்படுவர். இன்று அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைக்கென்று தனியறையும் தனிக் கட்டிலும் வாங்கித் தருகிறோம். நல்லதுதான். ஆனால் நான்கு வயதில் அந்த அறைக்குள் தனியாகப் போகச் சொல்லும்போது, பிள்ளை அஞ்சுவது இருளுக்கா, நம் பிரிவுக்கா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான், உறங்காவிட்டால் இரண்டு கண்ணன் பிடித்துக்கொண்டு போவான் என்று பகலில் சொல்லி வைக்கிறோம். அவர்கள் இரவில் வந்து நிற்கிறார்கள். போதாக்குறைக்கு "டாக்டர் வந்து ஊசி போட்டுடுவார்" என்றும் சொல்கிறார்கள். பூச்சாண்டியோடு எங்களையும் சேர்த்துவிட்டார்கள்! நோயுற்று இங்கே வந்து சேரும் பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்ததும் அலறுவதற்கு இது ஒரு காரணம். அருள்கூர்ந்து இதை மட்டுமாவது நிறுத்துங்கள்.

இனி விளக்குக்கு வருவோம். முன்பு மாடத்தில் அகல் எரிந்தது. பிறகு திரியைக் குறைத்து வைத்த அரிக்கேன் விளக்கு. அதன்பின் வீடுதோறும் வந்தது ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை மின்சாரம் எடுத்தது. பழைய மீட்டர்களில் அந்தச் சிறு அளவு பதிவாகாததால் அப்பெயர் நிலைத்தது. இன்றைய எல்.ஈ.டி. இரவு விளக்குக்கு அரை வாட்டே போதும்.

விளக்கின் ஒளி மங்கலாக இருப்பது மிக முக்கியம். உறக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் என்னும் சுரப்பு, ஒளி பட்டால் குறைந்துவிடும். சிறு பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதல். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயது வரையிலான 36 பிள்ளைகளை, உறங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பல்வேறு அளவு ஒளியில் இருக்கச் செய்தனர். 5 முதல் 40 லக்ஸ் வரையிலான, நாம் மங்கல் என்றே சொல்லக்கூடிய ஒளியிலும் மெலடோனின் சராசரியாக 78 விழுக்காடு குறைந்தது. எனவே உறங்குமுன் ஒரு மணி நேரமாவது அறையின் ஒளியைத் தணியுங்கள், கைப்பேசியையும் அகற்றிவிடுங்கள். நீலமும் தூய வெண்மையும் வேண்டாம். செம்மஞ்சளோ சிவப்போ நல்லது. விளக்கு கண்ணில் நேராகப் படாமல், தரையை ஒட்டி, கட்டிலுக்குப் பின்புறமோ கதவோரமோ இருக்கட்டும். வாங்குமுன் உங்கள் வீட்டைப் பாருங்கள்: கொசுவிரட்டிக் கருவியில் எரியும் சிறு சிவப்பு விளக்கே சில பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இரவு விளக்கால் கிட்டப்பார்வை வருமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 1999இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை, இரண்டு வயதுக்குள் விளக்கொளியில் உறங்கிய குழந்தைகளிடம் கிட்டப்பார்வை மிகுதி என்றது. அது உலகெங்கும் பரவியது. மறு ஆண்டே வேறு இரு குழுவினர் ஆராய்ந்து அத்தகைய தொடர்பு இல்லை என்றனர். கிட்டப்பார்வை உள்ள பெற்றோரே பிள்ளையின் அறையில் விளக்கை அதிகம் எரியவிடுவதாகவும், குறைபாடு மரபுவழி வந்திருக்கலாம் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர். அந்த அச்சத்தை விட்டுவிடலாம்.

விளக்கு ஓர் ஊன்றுகோல்தான். அதை ஏற்றவும் அணைக்கவும் பிள்ளையையே விடுங்கள். தன் கையில் இருக்கும் சுவிட்ச் பாதி அச்சத்தைப் போக்கும். டார்ச் விளக்கைக் கொண்டு சுவரில் விரல் நிழலால் மானும் முயலும் காட்டி விளையாடுங்கள். கட்டிலுக்கடியில் பூதத்தைத் தேடிப் பார்த்து "இல்லை" என்று உறுதி கூறுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தேட வேண்டிய அளவுக்கு அது இருக்கக்கூடிய ஒன்றுதான் என்றே பிள்ளைக்குத் தோன்றும். "அஞ்சு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள். சில நாட்கள் கழித்துப் பத்து நிமிடமாக்குங்கள். பயம் தணியத் தணிய விளக்கையும் சற்றுச் சற்றாகத் தள்ளி வைக்கலாம். இடையில் காய்ச்சல் வந்தாலோ, வீடு மாறினாலோ பயம் திரும்பி வரும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

சென்னையில் மின்சாரத்தை முழுவதும் நம்பவும் முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஆகவே சார்ஜ் செய்யக்கூடிய விளக்கொன்றும் வீட்டில் இருக்கட்டும். பிள்ளை உறங்கும் அறையில் மெழுகுவத்தியையோ மண்ணெண்ணெய் விளக்கையோ எரியவிட்டு உறங்காதீர்கள். பொம்மை வடிவ விளக்குகள் சிலவற்றில் பொத்தான் போன்ற சிறு பேட்டரி இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண்ணை உண்டாக்கிவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதா என்று பார்த்தே வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயப்படும் பிள்ளை விளக்கு எரிந்தால் இயல்பாக நடமாடும். அந்தி சாய்ந்ததும் பொருள்களின்மேல் மோதிக்கொள்கிற, மங்கல் ஒளியில் பக்கத்துத் தட்டைத் தடவித் தேடுகிற பிள்ளைக்கு இருப்பது பயமன்று, மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைவு அதற்கு முக்கியக் காரணம். ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை அரசு வழங்கும் ஒன்பது தவணை வைட்டமின் ஏ கரைசல் பிள்ளைக்குக் கிடைத்ததா என்று தடுப்பூசி அட்டையில் பாருங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை உணவில் இடம்பெறட்டும். நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் பிள்ளைகளிடம் மரபுவழி விழித்திரைக் குறைபாட்டுக்கும் சற்றுக் கூடுதல் வாய்ப்புண்டு என்பதால், கண் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

பயம் ஆறு மாதத்துக்கு மேலும் குறையாமல் நீடித்தால், உறக்கமும் பள்ளியும் கெட்டால், பகலிலும் பிள்ளை உங்களைவிட்டு அகல மறுத்தால், அல்லது ஏதோ ஒரு நிகழ்ச்சிக்குப் பின் திடீரென்று தொடங்கியிருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை இங்கே தங்க நேர்ந்தால், அதற்கு இருட்டென்றால் பயம் என்பதைச் சேர்க்கும்போதே செவிலியரிடம் தெரிவித்துவிடுங்கள். பிள்ளையின் காதில் விழாமல் சொன்னால் நல்லது. வீட்டில் போர்த்தும் பழைய போர்வையையும் கொண்டு வாருங்கள். நடைவழி விளக்கின் ஒளி சிறிது உள்ளே விழும்படி கதவை ஒருக்களித்து வைக்கிறோம். இரவில் மருந்து கொடுக்க வரும்போது, தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்கிறோம்.