கார் பந்தயத்தில் நியாயமான பிரிவு எது?

"மச்சான், உன் காரில் டர்போ இருக்கிறது. என் பிரிவில் வந்து ஓடாதே!"

"டர்போ இருந்தால் என்னடா? உன் இயந்திரம் 1,500 சிசி. என்னுடையது வெறும் 1,000 சிசி. பயப்பட வேண்டியவன் நான்தான்!"

கெப்பாலா பத்தாஸ் தேநீர்க் கடையில் கார் ஆர்வம் கொண்ட இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும். கேட்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், பொழுதுபோக்குக் கார் பந்தயம் எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் இது. யார் யாரோடு ஓட வேண்டும்? அதை எதை வைத்து முடிவு செய்வது?

தொழில்முறைப் பந்தயத்தில் செலவு நிறுவனங்களுடையது. பொழுதுபோக்காக ஓட்டுபவரோ மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த வெள்ளியைக் கொண்டு டயர் வாங்கிக்கொண்டு வருகிறார். அதிலும் 'ஸ்பிரிண்ட்' எனப்படும் குறும்பந்தயம் சில சுற்றுகளில் முடிந்துவிடும். நீண்ட நேரப் பந்தயத்தில், வேகம் குறைந்த கார் எரிபொருளை மிச்சப்படுத்தி, நிறுத்தங்களைக் குறைத்து ஈடுகட்ட முடியும். குறும்பந்தயத்தில் அந்த வாய்ப்பு இல்லை. தவறான பிரிவில் சேர்க்கப்பட்டவர், கொடி அசைவதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்.

பிரிவு எதற்கு?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி மூன்றாமிடம் பெற்றபோது உலகத் தமிழர்கள் கொண்டாடினார்கள். அது களத்தில் ஓடிய எல்லாக் கார்களிலும் மூன்றாமிடம் அல்ல. ஒரே வகைப் போர்ஷே கார்களுக்கான பிரிவில் கிடைத்த மூன்றாமிடம். இதனால் அந்த வெற்றியின் மதிப்பு குறைந்துவிடாது. குத்துச்சண்டையில் 50 கிலோ வீரரை 90 கிலோ வீரரோடு மோதவிடுவதில்லை. அதே நியாயம்தான் இங்கும்.

ஆனால், குத்துச்சண்டை வீரரைத் தராசில் ஏற்றினால் வேலை முடிந்தது. காருக்கு எடை ஒன்று மட்டும் போதாது. இயந்திரத் திறன், டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஓட்டுநரின் அனுபவம் என்று பல விஷயங்கள் இருக்கின்றன. எதை அளப்பது என்பதில்தான் தகராறு தொடங்குகிறது.

சிசி கணக்கு

மிகப் பழைய வழி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்ப்பது. 1,300 சிசி, 1,600 சிசி, 2,000 சிசி என்று கோடு போட்டுப் பிரித்துவிடலாம். எளிமையானது, இயந்திரத்தைத் திறந்து அளந்தும் பார்க்கலாம்.

டர்போ வந்ததும் இந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. டர்போ, காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடும், திறனும் கூடும். ஆகவே டர்போ இயந்திரத்தின் சிசியை 1.7ஆல் பெருக்கிப் பிரிவு பார்ப்பது அனைத்துலகப் பந்தய விதிகளில் வழக்கமாயிற்று.

இந்தக் கணக்கை நம் சாலைகளில் ஓடும் கார்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரோடுவா அத்திவாவின் டர்போ இயந்திரம் 998 சிசி. 1.7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,697 சிசி. 1,600 சிசி கோட்டைத் தாண்டிவிடுவதால், அது 2,000 சிசி கார்களோடு ஓட வேண்டும். 1,496 சிசி மைவியோ கீழ்ப் பிரிவிலேயே இருந்துவிடும். ஆனால், கடையில் வாங்கியபடியே பார்த்தால் அத்திவாவின் திறன் 98 குதிரைத்திறன். மைவியின் திறன் 103 குதிரைத்திறன். திறன் குறைந்த கார் மேல் பிரிவுக்குப் போகிறது!

அப்படியானால் விதி தவறா? முழுவதும் தவறு என்றும் சொல்ல முடியாது. டர்போ காரின் கணினியில் சில எண்களை மாற்றினாலே காற்றழுத்தம் உயர்ந்து, திறன் கூடிவிடும். டர்போ இல்லாத மைவியில் அதே அளவு திறனைக் கூட்ட வேண்டுமானால் இயந்திரத்தையே பிரித்து வேலை பார்க்க வேண்டும். தேநீர்க் கடை நண்பர்கள் இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

எடையும் திறனும்

ஒரு குதிரைத்திறன் எத்தனை கிலோவை இழுக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது இரண்டாவது வழி. 1,000 கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் உள்ள கார், ஒரு குதிரைத்திறனுக்கு 10 கிலோ. 1,500 கிலோவும் 150 குதிரைத்திறனும் உள்ள காருக்கும் அதே 10 கிலோதான். இரண்டும் ஒரே பிரிவு. இது சிசி கணக்கைவிட நியாயமாகத் தோன்றும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேகம் ஏற ஏற, காரைத் தடுப்பது எடையைவிடக் காற்றுதான். காற்றைக் கிழித்துக்கொண்டு போக மொத்தத் திறன் வேண்டும். எனவே செப்பாங் களத்தின் இரண்டு நீண்ட நேர்பாதைகளில் 150 குதிரைத்திறன் கார் முந்திவிடும். நெருக்கமான வளைவுகள் உள்ள சிறிய களத்தில் நிலைமை தலைகீழ். கனமான கார் ஒவ்வொரு வளைவுக்கும் கூடுதலாகப் பிரேக் பிடிக்க வேண்டும். டயர் சீக்கிரம் சூடாகிப் பிடிமானம் இழக்கும். அங்கே இலேசான கார் ராஜா. ஒரு களத்தில் நியாயமாக இருந்த பிரிவு, இன்னொரு களத்தில் அநியாயமாகிவிடுகிறது.

ஒரே கார், பல ஓட்டுநர்

இந்தத் தலைவலியே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே கார் என்பது மூன்றாவது வழி. 2017இல் மலேசியாவில் தொடங்கிய தொயோத்தா வியோஸ் சவால் பந்தயம் இந்த வகை. அதன் முதல் பருவத்தில் ஒரு சுற்று பினாங்கிலேயே, பத்து காவான் விளையாட்டரங்கத்தை ஒட்டி அமைத்த தற்காலிகக் களத்தில் நடந்தது. கார் ஒன்றுதான் என்றாலும் ஓட்டுநர்கள் ஒன்றல்லவே? ஆகவே அங்கே ஓட்டுநர்களையே பிரித்தார்கள். அனுபவசாலிகளுக்கு 'சூப்பர் ஸ்போர்ட்டிங்', அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கு 'ஸ்போர்ட்டிங்', கலையுலகப் பிரபலங்களுக்குத் தனிப் பிரிவு என்று வைத்தார்கள். பின்னர் இளம் புதுமுகங்களுக்கு 'ரூக்கி' பிரிவும் வந்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், 1980களின் இறுதியில், சாதாரண மாருதி 800 காரின் இயந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். 'ஃபார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். இயந்திரம் மலிவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எல்லாரிடமும் ஒரே வகைக் கார். அந்தப் பந்தயத்தில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு மார்ச் மாதம் நம் செப்பாங் களத்தில் 11ஆவதாக வந்தார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையில் உள்ள பந்தயக் களம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரே கார் முறையிலும் குறை உண்டு. ஏற்கெனவே கார் வைத்திருப்பவர், இன்னொரு காரை வாங்க வேண்டும். பட்டறையில் இரவு பகலாகக் காரைச் சீர்செய்து மகிழ்பவருக்கு அதில் இடமும் இல்லை. பலருக்கு அந்தப் பட்டறை வேலையே பந்தயத்தில் பாதி.

வென்றவருக்குச் சுமையா?

வெற்றி பெற்றவரின் காரில் எடையை ஏற்றுவது இன்னொரு வழி. செப்பாங்கில் பல ஆண்டுகள் நடந்து, 2025இல் மீண்டும் வந்த ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத்தில் இம்முறை இருக்கிறது. பெற்ற புள்ளிகளுக்கேற்பக் காரின் எடை கூடும். பருவத்தின் கடைசிப் போட்டியில் அந்தச் சுமை இறக்கப்படும். பார்வையாளருக்குப் போட்டி விறுவிறுப்பாக இருக்கும்.

பொழுதுபோக்குப் பந்தயத்தில் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். பணத்தால் வென்றவருக்கும் திறமையால் வென்றவருக்கும் ஒரே சுமை என்றால், திறமைசாலி மனம் நோவார். சிலர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் புள்ளியைக் குறைத்துக்கொண்டு, முக்கியமான போட்டிக்காகக் காத்திருப்பார்கள். தோற்பதற்குப் பரிசு கொடுக்கும் விதி விளையாட்டைக் கெடுத்துவிடும்.

சோதிக்க முடியாத விதி

எந்த முறையை எடுத்தாலும், அதைச் சோதிக்க ஆள் வேண்டும். 1995இல் ஸ்பெயின் கட்டலோனியா ராலிப் பந்தயத்தில் தொயோத்தா அணியின் காரைப் பிரித்தபோது, டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வளையத்தில் ஒரு தந்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் விதிப்படி இருக்கும். பொருத்தியதும் வளையம் சற்று விலகி, கூடுதல் காற்றுக்கு வழிவிடும். அந்த அணி அந்த ஆண்டின் புள்ளிகளை இழந்ததோடு, 12 மாதத் தடையும் பெற்றது. உலகப் போட்டியிலேயே, நிபுணர்கள் கண்ணில் மண்ணைத் தூவ முயன்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடும் சிறிய சங்கத்தில் இரண்டு தொண்டர்களும் ஒரு தராசும் மட்டும் இருந்தால் என்ன செய்ய முடியும்?

இதற்கு அமெரிக்காவின் சில சிற்றூர்ப் பந்தயங்களில் ஒரு சாமர்த்தியமான விதி வைத்திருக்கிறார்கள். முன்னரே நிர்ணயித்த விலையைக் கொடுத்து, வென்றவரின் இயந்திரத்தை இன்னொரு போட்டியாளர் வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் வெற்றி போய்விடும். இப்படி இருக்கும்போது, மலிவு விலைப் பிரிவில் யார் பெரும் தொகையைக் கொட்டி இயந்திரம் கட்டுவார்? சோதனையாளர் இல்லாமலே செலவு கட்டுக்குள் நிற்கிறது.

தீர்வு என்ன?

எல்லாக் கார்களையும் முழுச் சமமாக்கும் விதி எங்கும் இல்லை. ஆனால் பணத்தின் பங்கைக் குறைத்து, ஓட்டுபவரின் பங்கைக் கூட்டும் விதியை எழுத முடியும். அதற்குச் செலவு அதிகம் பிடிக்கும் மூன்று இடங்களைக் கட்டினால் பெரும்பகுதி முடிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே வகை டயர், அதிலும் எண்ணிக்கை வரம்பு. காரின் கணினிக்கு முத்திரை. ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை. மூன்றையும் பந்தய நாளில், களத்திலேயே சோதிக்கலாம். பருவம் தொடங்கியபின் நடுவில் விதியை மாற்றக் கூடாது என்பதும் முக்கியம். மாற்றினால், கடன் வாங்கிக் கார் கட்டியவர் ஏமாந்துபோவார்.

அந்தத் தேநீர்க் கடை நண்பர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. இரண்டு கார்களையும் திறன் அளக்கும் 'டைனோ' கருவியில் ஏற்றி, எடை பார்த்து, கணினிக்கு முத்திரை வைத்தால் மைவியும் அத்திவாவும் ஒரே பிரிவில் தாராளமாக ஓடலாம். முத்திரையை உடைத்து டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர் அன்றே மேல் பிரிவுக்குப் போக வேண்டும்.

இது வெறும் கோப்பை விவகாரம் அல்ல. வேக வேறுபாடு மிகுந்த கார்களை ஒன்றாக ஓடவிட்டால், வளைவில் ஒருவர் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவர் இன்னும் முழு வேகத்தில் இருப்பார். விபத்துக்கு அதுவே போதும். இன்னொன்று, களத்தில் தனக்கு நியாயம் இல்லை என்று விலகும் இளைஞர் எல்லாரும் கார் ஆசையை விட்டுவிடுவதில்லை. சிலர் நள்ளிரவில் பொதுச் சாலைக்குப் போகிறார்கள். அங்கே பிரிவும் இல்லை, தலைக்கவசமும் இல்லை, காத்திருக்கும் மருத்துவ வண்டியும் இல்லை. பந்தயச் சங்கங்கள் விதி எழுத உட்காரும்போது அந்த இளைஞரையும் மனத்தில் வைத்து எழுத வேண்டும்.