ஒரே கொட்டை, இரண்டு கணக்கு!

வறுக்காத காப்பிக் கொட்டைக்கு வரி இல்லை. அதையே வறுத்து, அரைத்து, தூளாக விற்றால் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் வரி. இரண்டையும் ஒரே கடையில் விற்கும் வியாபாரியின் பாடு என்ன?

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்து உள்ளது கொட்டச்சேடு. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. காப்பியோடு கணக்கு நோட்டும் சேர்ந்துகொண்டது.

தன் நிலத்தில் விளைந்த கொட்டையை விற்கும் விவசாயிக்குத் தொல்லை இல்லை. அவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவே வேண்டாம். மாட்டிக்கொள்கிறவர், கொட்டையை வாங்கி விற்பதோடு தூளும் விற்கும் வியாபாரிதான்.

எது கழியும்?

வியாபாரத்துக்காகச் சாமான் வாங்கும்போது வரி கொடுக்கிறோம். விற்கும்போது வரி வசூலிக்கிறோம். கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைச் சர்க்காருக்குக் கட்டினால் போதும். இதற்குப் பெயர் உள்ளீட்டு வரி வரவு. ஆனால், வரி உள்ள சரக்குக்குச் செய்த செலவாக இருந்தால்தான் கழிவு உண்டு.

வறுக்கும் இயந்திரம் தூளுக்கு மட்டுமே உதவுகிறது. அதற்குக் கொடுத்த வரி முழுவதும் கழியும். தூள் அடைக்கும் பைக்கும் அப்படியே. கொட்டை கட்டும் சாக்குக்குக் கொடுத்த வரியோ போனது போனதுதான்! வரி இல்லாத சரக்கு என்றால் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். சாக்கைக் கேட்டால் தெரியும்.

கிட்டங்கி வாடகை, டெலிபோன், கணக்குப்பிள்ளையின் கட்டணம் எல்லாம் இரண்டுக்கும் பொது. இங்கேதான் சிக்கல்.

ஒரு மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு விற்பனை என்று வைத்துக்கொள்வோம். கொட்டை 6 லட்சம். தூள் 4 லட்சம். பொதுச் செலவுக்குக் கொடுத்த வரி 5,000 ரூபாய். விற்பனையில் கொட்டையின் பங்கு நூற்றுக்கு 60. ஆகவே 3,000 ரூபாயை விட்டுவிட வேண்டும். 2,000 ரூபாய்தான் கழியும்.

இரண்டையும் நிறுக்கும் தராசுக்கு வேறு கணக்கு. அதற்கு 6,000 ரூபாய் வரி கொடுத்திருந்தால், 60 மாதத்துக்குப் பிரித்து மாதம் 100 ரூபாய். இந்த மாதம் அதில் 60 ரூபாய் போய்விடும். அடுத்த மாதம் விற்பனை மாறினால் பங்கும் மாறும்.

வருட முடிவில்

மாதக் கணக்கோடு விட்டார்களா? இல்லை! வருடம் முடிந்ததும் முழு ஆண்டு விற்பனையை வைத்துப் பொதுச் செலவின் பங்கை மறுபடி போட வேண்டும். கூடுதலாகக் கழித்திருந்தால் நூற்றுக்கு 18 வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். குறைவாகக் கழித்திருந்தால் பாக்கியை எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. கொட்டை கப்பல் ஏறி வெளிநாடு போனால் அதற்கான செலவின் வரியும் கழியும். சேலம் மண்டிக்கு இறங்கும் மூட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. கொட்டை ஒன்றுதான், மரமும் ஒன்றுதான்.