மைக் செட்டும் விளையாட்டுப் பெட்டியும்

போடிநாயக்கனூரில் பரமசிவன் மலைக்கோயிலின் சித்திரைத் திருவிழா நடைபெறும் நாட்களில், கம்பத்துக்குக் கம்பம் கட்டிவைத்த குழாய் ஸ்பீக்கர்கள் பக்திப் பாடல்களை முழங்கிக்கொண்டிருக்க, அத்தெருக்களில் நடந்து செல்பவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கக்கூடும். பக்கத்துக் குழாயிலிருந்து வந்த சொல் காதில் விழுந்து ஓய்வதற்குள், அடுத்த முக்கிலிருக்கும் குழாயிலிருந்து அதே சொல் மறுபடியும் வந்து சேருகிறது. கம்பியில் ஓடும் மின்சாரம் எல்லாக் குழாய்களையும் ஏககாலத்தில் எட்டிவிடுகிறது. காற்றில் ஓடும் ஒலியோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே 34 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சப்தம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வருகிறது.

இந்தக் குழாய் வெகு சாமர்த்தியமான சாதனம். அதன் பின்புறத்தில் திருகப்பட்டிருக்கும் ‘யூனிட்’ என்னும் பாகத்துக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெல்லிய தகடு துடிக்கிறது. அந்தத் துடிப்பைச் சிறிது சிறிதாக விரியும் கூம்பு, வெளிக்காற்றோடு நயமாக இணைத்துவிடுவதால், கொடுத்த மின்சக்தியில் சாதாரண ஸ்பீக்கரைவிட வெகு அதிகமான பங்கு ஒலியாக மாறுகிறது. ஒரு வாட் மின்சக்தியைக் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால், நல்ல குழாய் 105 டெசிபலுக்குக் குறையாமல் முழங்கும். வீட்டு ரேடியோவிலுள்ள காகிதக் கூம்பு ஸ்பீக்கரோ 88 டெசிபல் தந்தாலே மெச்சத்தக்கது. நீளமான கம்பியில் சக்தி வெப்பமாகிக் கரைந்துபோகாமலிருக்க, ஆம்ப்ளிஃபயரின் ‘100 வோல்ட்’ முனையிலிருந்து உயர்ந்த அழுத்தத்தில் குறைந்த மின்னோட்டத்தை அனுப்பி, ஒவ்வொரு குழாயருகிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரால் அதை இறக்கிக்கொள்ளும் யுக்தியும் மைக் செட்காரர்களுக்குக் கைவந்த விஷயமே. போடியை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் கட்டிய குழாயின் சப்தம் பள்ளத்தைத் தாண்டி எதிர்மலையில் மோதித் திரும்புகிறதென்றால், அதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் குழாய் தூரத்துக்கென்றே பிறந்தது. அதன் வாய் அளவு சிறிதாகையால் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள கனத்த ஸ்வரங்கள் அதில் தேய்ந்துவிடுகின்றன. மிருதங்கத்தின் தொப்பி என்னும் கனத்த பக்கமே இல்லாததுபோல் ஆகிவிடும். தலைமுறை தலைமுறையாகக் குழாய்ச் சப்தத்திலேயே பழகிய நம் செவிகள், உரத்திருப்பதே நன்றாயிருப்பது என்ற அபிப்பிராயத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது என் எண்ணம். இதன் விளைவைச் சமீப காலமாகச் சில இளைஞர்கள் பிளைவுட்டையும் பழைய கம்ப்யூட்டரையும் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் வீடியோ கேம் பெட்டிகளில் காணலாம். படம் பிரமாதமாக இருக்கும். சப்தமோ தகர டப்பாவை உருட்டியதுபோல் இருக்கும்.

இத்தகைய பெட்டிகளுக்கு முன்னோடி, அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு அடாரி கம்பெனி வெளியிட்ட ‘பாங்’ என்னும் ஆட்டம். ஆடுபவர் ஒரு புள்ளி எடுக்கும்போது ஜனத்திரளின் ஆரவாரம் கேட்க வேண்டுமென்று முதலாளி நோலன் புஷ்னெல் ஆசைப்பட, அதற்கு வழியில்லாத ஆலன் அல்கார்ன் என்ற இஞ்சினீயர், படத்தை நிலைநிறுத்தும் மின்சுற்றிலேயே ஏற்கெனவே இருந்த அலைகளில் ஒன்றைத் தட்டியெடுத்து ‘டொக்’ என்ற ஒலியாக்கிவிட்டார். ஜப்பானிய டைட்டோ கம்பெனியின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978-இல் வந்தபோது விஷயம் முற்றிலும் மாறியது. இறங்கிவரும் நான்கு கனத்த ஸ்வரங்கள், எதிரிகள் நெருங்க நெருங்க வேகம் கூடி, ஆடுபவனின் நெஞ்சைப் படபடக்கச் செய்தன. அந்தக் கனமில்லாவிட்டால் ஆட்டத்தில் பாதி உயிர் போய்விடும்.

கனத்துக்கு வேண்டியது வாட் அல்ல, பெட்டி. ரேடியோ ரிப்பேர்க் கடையில் அடிக்கடி கேட்கக்கூடிய சம்பாஷணை இது: “அண்ணே, அம்பது வாட்டு போர்டு ஒண்ணு குடுங்க.” “வீட்டுக்குத்தானப்பா? அஞ்சு வாட்டுக்கே காது கிழிஞ்சிரும்.” கடைக்காரர் சொல்வதுதான் சாஸ்திரம். பத்து மடங்கு மின்சக்தி கொடுத்தால்தான் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். அட்டைப்பெட்டியில் அச்சிடும் ஆயிரக்கணக்கான ‘பி.எம்.பி.ஓ. வாட்’களோ வியாபாரத்தின் கற்பனா சக்திக்கு மட்டுமே சான்று. 12 வோல்ட்டில் ஓடும் போர்டு, உள்ளே அழுத்தத்தை உயர்த்தும் ஏற்பாடு இல்லாதவரை, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் தரக்கூடியது கணக்கின்படி 18 வாட்டுக்கு மேற்படாது. அதுவே நமக்குத் தாராளம்.

காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது, அதே கணத்தில் பின்புறக் காற்று விரிகிறது; தடுப்பில்லாத இடத்தில் கனத்த ஸ்வரங்களின் இவ்விரு அலைகளும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆட்டப்பெட்டி பெரிதாயிருந்தாலும் அதன் பின்கதவிலும் காற்றோட்டத் துளைகளிலும் அலை கசிந்துவிடுமாதலால், நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் உள்ளே மூன்று நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள தனியறையாகப் பலகை அடித்து, இடுக்குகளைப் பசையால் அடைத்து, ஸ்பீக்கரின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வளையம் வைத்துத் திருகவேண்டும். அறைக்குள் எதிரொலி தங்காமலிருக்கப் பஞ்சு அடைக்கவேண்டும். இலவம் பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன போடியில், மெத்தைக்கும் தலையணைக்கும் போக மிஞ்சும் ஒரு பிடியே இதற்குப் போதும். அதன் நார்களில் உராய்ந்து ஒலியின் சலனம் அணுவளவு வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. ஆனால் இலவம் பஞ்சு சட்டென்று தீப்பற்றுவது. ஆம்ப்ளிஃபயர் போர்டை அதே அறையில் வைப்பது விவேகமல்ல.

இனி மின்சாரம். கம்ப்யூட்டருக்குரிய சப்ளையிலிருந்தே ஆம்ப்ளிஃபயருக்கும் கம்பி இழுத்தால், திரையில் படம் அசையும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு சீறல் எழும். தனி அடாப்டர் வைத்தாலும், இரண்டின் ‘எர்த்’ தொடர்பும் வளையமாகிவிட்டால் ‘உம்’ என்ற உறுமல் நிற்பதில்லை. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகி, சப்தம் வரும் கம்பியில் ஒரு சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரைச் சேர்த்தால் பெரும்பாலும் தொல்லை தீரும். பழைய பிக்சர் டியூப் டிவியைப் பொருத்துபவர்கள், ஸ்பீக்கரின் காந்தம் திரையின் வர்ணங்களைக் கலைத்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக் காந்தக் கவசமுள்ள ஸ்பீக்கரைத் தேடிக்கொள்வது நலம்.

ஸ்பீக்கர்களைத் திரைக்கு மேலே, பெட்டியின் உச்சியிலுள்ள விளம்பரப் பலகையின் அடியில், ஆடுபவரின் முகத்தை நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்துவது வழக்கம். காதுக்கும் கூம்புக்கும் இரண்டடி தூரமே இருப்பதால் சிறிதளவு சக்தியே போதும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த எல்லை, சுவரை ஒட்டி அடுத்த வீடு நிற்கும் போடித் தெருக்களில் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. வால்யூம் திருகியைப் பெட்டிக்கு வெளியே, கையெட்டும் இடத்தில் வைப்பதும் இதை முன்னிட்டே.

எல்லாம் முடிந்தபின் அந்த நான்கு ஸ்வர ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை ஓடவிட்டு, பலகை பலகையாக உள்ளங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். எங்கே கிணுகிணுக்கிறதோ அங்கே திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கண்ணாடி சட்டத்தில் தொளதொளவென்று நிற்கிறது. திருகை முறுக்கி, கண்ணாடியோரத்தில் கம்பளித் துண்டைச் செருகி, மறுபடியும் ஓடவிட்டுப் பார்க்கலாம்.