மீன் தொட்டியில் எவ்வளவு உப்பு? எக்ஸெல் சொல்லும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்து, கட்டங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவது வழக்கம். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் இந்தக் கட்டங்களுக்கு உடனே ஒரு வேலை உண்டு.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களிலும், பழவேற்காடு போன்ற ஏரிகளிலும் இருப்பது உவர் நீர். இதில் வாழும் மீன்களைப் பல கடைகளில் நல்ல தண்ணீரில் வைத்தே விற்கிறார்கள். வீட்டிலும் அப்படியே விட்டால் நாளடைவில் சோர்ந்து, நோய் கண்டு இறந்துவிடும். உப்பை ஒரேயடியாகக் கொட்டினாலும் ஆபத்துதான்.

எந்த மீனுக்கு எவ்வளவு?

உப்பின் அளவை ஹைட்ரோமீட்டர் காட்டும். நல்ல தண்ணீர் 1.000, கடல் நீர் சுமார் 1.025.

* ஃபிகர் எயிட் பஃபர், ஆரஞ்சு குரோமைடு: 1.005 (லிட்டருக்குச் சுமார் 7 கிராம்)
* ஸ்கேட், மோனோ குஞ்சுகள்: 1.005
* வளர்ந்த ஸ்கேட், மோனோ: 1.015 அல்லது அதற்கு மேல் (சுமார் 21 கிராம்)

சில மீன்களுக்கு வயது கூடக் கூட உப்பும் கூட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சமையல் உப்பு வேண்டாம். அதில் கால்சியம், மெக்னீசியம் போன்றவை போதிய அளவில் இல்லை. மீன் கடையில் கிடைக்கும் மரைன் சால்ட் வாங்குங்கள்.

எக்ஸெல்லில் கணக்கு

1. முதல் வரிசையில் நீளம், அகலம், நீரின் உயரம், லிட்டர், கிராம், மொத்த உப்பு என்று தலைப்புகள் கொடுங்கள்.

2. இரண்டாவது வரிசையில் முதல் மூன்று செல்களில் சென்டிமீட்டர் அளவுகளை டைப் செய்யுங்கள். உதாரணம்: 60, 30, 30.

3. லிட்டர் செல்லில் = அடித்து, நீள செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு * அடித்து அகலம், மீண்டும் * அடித்து உயரம். கடைசியில் /1000*0.9 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 48.6 வரும். 0.9 என்பது மணல், கற்கள் அடைக்கும் இடத்துக்கான தோராயக் கழிவு.

4. கிராம் செல்லில் 7 அடியுங்கள். மொத்த உப்பு செல்லில் = அடித்து லிட்டர் செல்லையும் கிராம் செல்லையும் பெருக்குங்கள். விடை 340.2 கிராம்.

நல்ல தண்ணீரிலிருந்து வந்த மீன் என்றால் இதை ஒரே நாளில் சேர்க்கக் கூடாது. கிராம் செல்லில் 2 என்று மாற்றிப் பாருங்கள். விடை தானாக 97.2 ஆகும். அதுதான் முதல் வாரத்து உப்பு. அடுத்தடுத்த வாரங்களில் 4, 6, 7 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் விடையிலிருந்து முந்தைய விடையைக் கழித்து, மீதியை மட்டும் வாளி நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஹைட்ரோமீட்டரில் சரிபாருங்கள்.

மறக்கக் கூடாதது

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்துக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். 10 லிட்டரை வெளியே எடுத்து மாற்றினால்தான் 70 கிராம் உப்பு சேர்க்க வேண்டும்.

தொட்டியைக் கம்ப்யூட்டர் மேசையருகே வைக்காதீர்கள். காற்றுக் குமிழிகளிலிருந்து தெறிக்கும் உப்பு நீர் கம்ப்யூட்டரின் உள்பாகங்களை அரித்துவிடும்.

ஃபைலை சேவ் செய்து, வாரந்தோறும் தேதியையும் ஹைட்ரோமீட்டர் அளவையும் கீழே எழுதி வாருங்கள். மீன் சோர்ந்தால், உப்பு எந்த வாரம் மாறியது என்று உடனே தெரியும்.